ஃப்ளோரைடு கறைக்கும் பல் சந்துக்கும் எட்டுப் பல்லையும் ராவி கேப் போட வேண்டுமா?

உங்கள் தங்கைக்கு 24 வயது. பிறந்து வளர்ந்தது தருமபுரி பக்கத்துக் கிராமம். சிறுவயதிலிருந்தே முன்பற்களில் வெள்ளைத் திட்டு, அங்கங்கே பழுப்புக் கறை, நடுவில் ஒரு சந்து, ஈறும் கொஞ்சம் கறுப்பு. ஐந்து மாதத்தில் கல்யாணம். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "மேல்பல் எட்டையும் ராவி கேப் போட்டுவிடலாம், இரண்டே சிட்டிங்கில் முடிந்துவிடும்" என்றார்கள். போடலாமா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துப் பார்த்தால், போட வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். வேறு வழி இருக்கிறது, அதற்கு ஐந்து மாதம் தாராளமாகப் போதும். நான் பல் மருத்துவர். இந்தக் கறையோடு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். தங்கைக்கு இருப்பது சொத்தை இல்லை, பல் துலக்காததால் வந்த அழுக்கும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பல்லின் வெளி உறையான எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல், உள்ளே நுண்ணிய துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு போன்ற வெண்மையோடு வரும், பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும். இது நடப்பது ஏறக்குறைய எட்டு வயது வரைதான். உங்கள் பக்கத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-இல். அதற்கு முன்பே தங்கையின் முன்பற்கள் உருவாகி முளைத்தும் முடிந்துவிட்டன. ஆகவே இப்போது எந்த நீர் குடித்தாலும் இருக்கிற கறை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்தச் சொல்லி யாராவது பயமுறுத்தினாலும் கேட்க வேண்டாம். பெரியவர்கள் பேஸ்ட்டில் பல் துலக்கி இந்தக் கறை வராது.

இதே கறையை 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதிதாக வந்த ஃபிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் பார்த்து ஆராயத் தொடங்கினார். குடிநீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931-இல்தான் உறுதியானது. அப்போது அவர் கவனித்த இன்னொன்று, கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளித்தோற்றத்தில் மட்டும் குறை உள்ள, உள்ளே உயிரோட்டத்தோடு இருக்கும் எட்டுப் பற்களைத்தான் இங்கே ராவச் சொல்கிறார்கள்.

கேப் போடுவது என்றால் என்ன நடக்கும் என்று தங்கைக்கு யாராவது காட்டினார்களா? பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ராவி, நடுவில் ஒரு முளை மாதிரி மிச்சம் வைத்து, அதன்மேல் கேப்பை ஒட்டுவார்கள். முன்பல்லில் கேப்புக்காக எவ்வளவு போகிறது என்று எடெல்ஹாஃப், சோரென்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடைபோட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். பல்லின் தலைப்பகுதியில் 63 முதல் 72 சதவீதம் வரை போகிறது. பல்லின் முன்பக்கத்தில் மட்டும் மெல்லிய தகடு ஒட்டும் வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம். 24 வயதில் பல்லின் நடுவே இருக்கும் நரம்பறை பெரிதாக இருக்கும், அதனால் இவ்வளவு ராவும்போது நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னாளில் சில பற்களுக்கு ரூட் கெனால் வரை போக வாய்ப்பு உண்டு. ஒரு கேப் நன்றாக இருந்தால் பத்துப் பதினைந்து வருடம் வரும். அதாவது நாற்பது வயதுக்குள் அத்தனையையும் கழற்றி மாற்ற வேண்டிய நிலை வரலாம். கேப் கெட்ட சிகிச்சை என்று சொல்லவில்லை. பாதி உடைந்த பல், ரூட் கெனால் செய்து பலமிழந்த பல், பெரிய அடைப்பு உள்ள பல் இவற்றுக்கு அதுதான் சரி. கறைக்காகப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பல் அழகு சிகிச்சையில் நான் பிடித்துக்கொள்ளும் வரிசை இதுதான்: பல்லைத் தொடாத சிகிச்சை முதலில், பல்லின்மேல் சேர்க்கும் சிகிச்சை அடுத்து, பல்லைக் குறைக்கும் சிகிச்சை கடைசியில். முதல் படியிலேயே தங்கைக்குத் திருப்தி வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம். ராவிய பல்லை யாராலும் திரும்ப வளர்க்க முடியாது.

முதல் வேலை க்ளீனிங். க்ளீனிங் செய்தால் பல் ஆட்டம் காணும், சந்து விழும் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. பற்களுக்கு நடுவில் படிந்திருந்த காரை போனதும் அது அடைத்திருந்த இடம் தெரிகிறது, அவ்வளவுதான். பல்லின் மேலிருக்கும் டீ, காபிக் கறை இதிலேயே போய்விடும். மிச்சம் இருப்பதுதான் உண்மையான ஃப்ளோரைடு கறை. எவ்வளவு மிச்சம் என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு திட்டமே போட முடியும். கூடவே எக்ஸ்ரே எடுத்துச் சொத்தை இருந்தால் அடைத்துவிட வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் அது நிற்கும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது, ஏனென்றால் ரத்தம் கசியும் ஈறை ஒட்டி எதை ஒட்டினாலும் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது ப்ளீச்சிங். கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் செய்வதும் உண்டு, வீட்டில் செய்வதும் உண்டு. தங்கைக்கு நான் வீட்டு முறையைத்தான் சொல்வேன். பல்லை அளவெடுத்து, பற்களின்மேல் கச்சிதமாக உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து கொடுப்பார்கள். அதற்குள் ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசி அளவு ஜெல் வைத்து, இரவில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஜெல் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான் என்பதால் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பானது. ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் 1989-இல் எழுதிய முறை இது, இன்றும் அடிப்படை மாறவில்லை. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம் போதும். ஃப்ளோரைடு கறைக்கு நான்கு, ஆறு வாரம்கூட ஆகலாம்.

இதில் இரண்டு விஷயம் தங்கையை முன்கூட்டியே தயார்படுத்தி வைக்க வேண்டியவை. ஒன்று பல் கூச்சம். ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். ஓரிரு நாள் இடைவெளி விட்டு, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் பயன்படுத்தினால் அடங்கிவிடும், ப்ளீச்சிங் முடிந்ததும் தானாகவே போய்விடும். இரண்டாவது, முதல் சில நாட்கள் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். பார்த்ததும் கலங்கிப்போய் ட்ரேயைத் தூக்கிப் போட்டுவிடுபவர்கள் உண்டு. தொடர்ந்து செய்தால் சுற்றியிருக்கும் பல்லும் வெளுத்து, திட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். திட்டு மறையாது, கண்ணை உறுத்தாது. பழுப்புக் கறை பெரும்பாலும் நன்றாகவே மங்கும்.

கிளினிக்கில் ஒரே நாளில் செய்யும் ப்ளீச்சிங்குக்குப் பிறகு எடுத்த படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வாயை அகலத் திறந்து வைத்து, எச்சில் படாமல் ஒரு மணி நேரம் இருந்தாலே பல் காய்ந்து ஒன்றிரண்டு ஷேடு வெளுப்பாகத் தெரியும். மறுநாள் ஈரம் ஏறியதும் உண்மையான நிறம் தெரியும். பியூட்டி பார்லரில் செய்யும் பல் வெளுப்புப் பக்கமே போகக் கூடாது. ஈறு புண்ணாகி வருபவர்களுக்கு அங்கே யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. அப்புறம் எலுமிச்சைச் சாறு, உப்பு, கரித்தூள் எதுவும் வேண்டாம். புளிப்பு எனாமலைக் கரைக்கும், கரகரப்பான தூள் அதைத் தேய்க்கும். எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் அதிகமாகத் தெரிந்து, பல் முன்பைவிட மஞ்சளாகும்.

ப்ளீச்சிங் முடிந்தும் சில திட்டுகள் நின்றால் அவற்றுக்கென்று இரண்டு முறைகள் இருக்கின்றன. பழுப்பு மேலாக இருந்தால் மைக்ரோ அப்ரேஷன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய துகளும் கலந்த பசையை வைத்து, ஈறைப் பாதுகாத்துக்கொண்டு, மெதுவாகத் தேய்ப்பார்கள். போவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு எனாமல்தான். ஊசியும் வேண்டாம், ஒட்டுவதும் கிடையாது.

வெள்ளைத் திட்டுக்கு எனக்கு மிகப் பிடித்தது ரெசின் இன்ஃபில்ட்ரேஷன், அதாவது ரெசின் என்ற பிசினைத் திட்டுக்குள் ஊறவிடுவது, கடைப்பெயர் ஐகான். ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 2009-இல் வந்தது. திட்டு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்றால், அந்த இடத்து எனாமலில் இருக்கும் நுண்துளைகளில் காற்றும் ஈரமும் இருக்கின்றன. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகுமே, அதே தத்துவம்தான் இங்கும். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல்லை இரண்டு நிமிடம் வைத்து மேல்தோலைத் திறப்பார்கள். கழுவிக் காயவைத்த பிறகு ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அந்த ஈரத்தில் திட்டு மறைந்தால் ரெசினிலும் மறையும் என்று அர்த்தம், மறையாவிட்டால் இன்னொரு முறை ஜெல். பிறகு தண்ணீர் போல இளகிய ரெசினை ஊறவிட்டு, நீல ஒளி காட்டி இறுக்குவார்கள். அந்த ரெசினின் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு அருகில் இருப்பதால் திட்டு சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். கண்ணாடியைக் கையில் கொடுத்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திட்டு கரைவதைப் பார்க்கலாம். ஆழமான திட்டாக இருந்தால் முழுதாகப் போகாது, பாதியாவது குறையும்.

இப்போது சந்து. எவ்வளவு அகலம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் என்றால் காம்போசிட் பாண்டிங்கே போதும், ஒரே சிட்டிங்கில் முடியும். இரண்டு முன்பல்லின் ஓரத்திலும் பாதிப் பாதியாகப் பல் நிற ரெசினை ஏற்றி இடைவெளியை மூடுவது. பல்லை ராவவே வேண்டாம். 1955-இல் மைக்கேல் பூனகோர் என்பவர் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் ரெசின் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். இன்றைக்குப் பல்லில் நாம் ஒட்டும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. இப்போது 37 சதவீத ஜெல்லை வைத்து அரை நிமிடம் கழித்துக் கழுவுவார்கள், காயவைத்தால் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி மங்கலாகும். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்குச் சீக்கிரம் மசியாது, ஆகவே தங்கைக்குக் கொஞ்சம் அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்த மருத்துவர் செய்தால் நன்றாக நிற்கும், அவசரப்பட்டால் ஆறு மாதத்தில் பெயர்ந்து வரும்.

சந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருந்தால் பாண்டிங்கில் மூடக் கூடாது. முன்பல்லின் அகலம் அதன் உயரத்தில் முக்கால் பங்கு முதல் எண்பது சதவீதம் வரை இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். அதற்கு மேல் அகலமானால் பல் சதுரமாகத் தெரியும். அப்போது க்ளிப் அல்லது பல்லை மெல்ல நகர்த்தும் பிளாஸ்டிக் உறையான அலைனர்தான் வழி. வெறும் சந்தை மூடுவது சில மாதங்களில் முடிந்தாலும் முடியும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. மேலுதட்டின் உள்பக்கத்திலிருந்து ஈறுக்கு இறங்கும் சவ்வு தடித்து பற்களுக்கு நடுவே நுழைந்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூடிய சந்து திரும்பத் திறக்கும். க்ளிப் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் போடாவிட்டாலும் அப்படித்தான்.

வரிசையில் ஒரு முக்கியமான இடைவெளி இருக்கிறது. ப்ளீச்சிங் முடிந்த உடனே பாண்டிங் செய்யக் கூடாது, இரண்டு வாரமாவது விட வேண்டும். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் ரெசினைச் சரியாக இறுக விடாது. ப்ளீச்சிங்குக்குப் பிறகு நிறம் ஒரு நிலைக்கு வரவும் அதே அவகாசம் வேண்டும். முதலில் பாண்டிங், பிறகு ப்ளீச்சிங் என்று மாற்றிச் செய்தால் பல் வெளுக்கும், ரெசின் பழைய நிறத்திலேயே நிற்கும். ரெசினும் கேப்பும் ப்ளீச்சிங்கில் வெளுக்காது.

காம்போசிட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். டீ, காபி, மஞ்சள் இவற்றால் வருடங்கள் போகப் போக ஓரம் நிறம் மாறும். இடையில் பாலிஷ் போட வேண்டும், ஐந்தாறு வருடத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். நகம் கடிப்பது, பல்லால் மூடி திறப்பது, கரும்பைக் கடித்து உரிப்பது எல்லாம் அந்த இடத்துக்கு ஆகாது. ஆனால் உடைந்தால் உடைந்த இடத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இவ்வளவும் செய்தும் தங்கைக்கு நிறைவு வரவில்லை, பல்லின் மேற்பரப்பே குழிகுழியாக இருக்கிறது என்றால் மட்டும் வெனீரைப் பற்றிப் பேசலாம். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய பீங்கான் தகடு, பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுவது. 1930-களில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் நிற்கும்படி ஒட்டிவிட்டதில் தொடங்கியது. நிரந்தரமாக ஒட்டும் முறை 1980-களில்தான் வந்தது. எனாமலுக்குள்ளேயே ராவலை நிறுத்தி ஒட்டினால் நீண்ட நாள் நிற்கும். டென்டின் வரை ராவிவிட்டால் பிடிப்பு குறையும். ஈறை ஒட்டிய இடத்தில் எனாமலே அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்பதால் நல்ல கை வேண்டும். தாடை அச்சில் மெழுகு வைத்து மாதிரி செய்து, அதைத் தற்காலிக ரெசினாக வாயில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் இதைச் செய்து காட்டாமல் நேராக ராவ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெனீர் என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் ராவி கேப் போடுவதும் நடக்கிறது. பல்லின் பின்பக்கத்தையும் ராவப் போகிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும்.

ஷேடு தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு வார்த்தை. வெள்ளை வெளேர் என்று வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுப்பாக இருந்தால் முகத்தில் பல் மட்டும்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், கிளினிக் விளக்கில் முடிவு செய்ய வேண்டாம்.

ஈறு கறுப்பு நோய் இல்லை. நம் தோலில் இருக்கும் அதே மெலனின்தான். லேசரில் நீக்கலாம், சில நாள் எரிச்சலோடு ஆறிவிடும், ஆனால் மாதங்களிலோ வருடங்களிலோ பலருக்குத் திரும்ப வருகிறது. சிரிக்கும்போது ஈறு நிறையத் தெரிந்து, தங்கைக்கே அது சங்கடமாக இருந்தால் செய்யலாம். நானாக யாருக்கும் சொல்வதில்லை.

இதை ஒட்டி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேள்வி முழுக்க நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், தங்கை என்ன நினைக்கிறார் என்பது எங்கும் இல்லை. அவர் வாய் மூடிச் சிரிக்கிறாரா, போட்டோ என்றால் ஒதுங்குகிறாரா, இல்லை மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னதா? சந்துப்பல் தனக்கு அழகு என்று நினைக்கும் பெண்ணின் சந்தை மற்றவர்களுக்காக மூடக் கூடாது. கறை மட்டும்தான் அவருக்கு உறுத்துகிறது என்றால் கறையை மட்டும் பார்ப்போம். முதல் நாள் மருத்துவரிடம் அவரையே பேசவிடுங்கள்.

கால அளவு இப்படி வரும்: முதல் மாதம் க்ளீனிங், எக்ஸ்ரே, சொத்தை இருந்தால் அடைப்பு. இரண்டாவது மாதமும் மூன்றாவதில் பாதியும் ப்ளீச்சிங். இரண்டு வாரம் இடைவெளி. பிறகு திட்டுகளுக்கு இன்ஃபில்ட்ரேஷன் அல்லது மைக்ரோ அப்ரேஷன், அதே வாரமோ அடுத்ததோ சந்துக்குப் பாண்டிங். நான்காவது மாத முடிவில் எல்லாம் முடிந்துவிடும், கடைசி மாதம் பாலிஷுக்கும் சின்னச் சின்னத் திருத்தத்துக்கும் கையில் இருக்கும். ப்ளீச்சிங் ட்ரேயைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், இரண்டு வருடம் கழித்து நிறம் மங்கினால் ஜெல் மட்டும் வாங்கி இரண்டு மூன்று இரவு போட்டால் போதும்.

செலவை நினைத்துத் தயங்கினால் சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பாண்டிங், ப்ளீச்சிங் செய்யும் பிரிவு தனியாகவே உண்டு, முதுகலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் நேரம் எடுத்துச் செய்வார்கள். கேப் சொன்ன கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது முந்தையவர் என்ன சொன்னார் என்பதை முதலில் சொல்லாமல், பல்லைக் காட்டி என்ன செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள். சந்தின் அகலமும், பகல் வெளிச்சத்தில் உதட்டை விலக்கி எடுத்த ஒரு படமும் கிடைத்தால், ப்ளீச்சிங்கிலேயே முடியுமா, மேற்கொண்டு தேவைப்படுமா என்று என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.